சிலுவைகளுக்குக் கீழே யாருமில்லை

1946-இல் அமெரிக்க ராணுவத்தின் 604-ஆவது கல்லறைப் பதிவுக் குழு பசிபிக் கடலின் நடுவே, தராவா தீவுக்கூட்டத்தின் பேசியோ என்ற சிறு தீவில் வந்திறங்கியது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்த சண்டையில் இறந்த தங்கள் வீரர்களின் உடல்களை எடுத்து ஓரிடத்தில் சேர்ப்பதும், பிறகு ஊருக்கு அனுப்ப வழி செய்வதும் அவர்கள் பணி. கையில் பட்டியல் இருந்தது. கண்ணெதிரே கல்லறைகளும் இருந்தன. நூல் பிடித்தாற்போல் வரிசை வரிசையாகச் சிலுவைகள் நின்றன. குழியை வெட்டினார்கள். பல சிலுவைகளுக்குக் கீழே வெறும் பவள மணல்தான் இருந்தது.

அந்தச் சிலுவைகளை நட்டவர்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. சண்டை முடிந்த கையோடு அவசர அவசரமாகப் புதைக்கப்பட்ட தோழர்களுக்கு மரியாதையான ஓர் இடம் அமைய வேண்டும் என்றுதான், கோணலும் மாணலுமாக நின்ற அடையாளக் கட்டைகளைப் பிடுங்கி ஒழுங்கு செய்தார்கள். அந்த ஒழுங்கில் உடல் ஓரிடம், பெயர் ஓரிடம் என்றாகிவிட்டது. தராவாச் சண்டையில் இறந்த அமெரிக்கர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உடல்கள் அன்று கிடைக்கவில்லை. அவர்களைத் தொலைத்தது எதிரி அல்ல. அவர்களுக்குச் செய்த மரியாதை.

போரில் இறந்தவர்களை நினைவுகூர்வது பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் தூண்களையும் மலர்வளையங்களையும் பற்றியே பேசுகிறோம். தராவா அந்தப் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறது. நினைவு என்பது பார்க்க வருகிறவரின் கண்ணுக்காக நடக்கும்போது என்ன ஆகும், ஒருவரைத் தேடிப் போகும் வேலையாக நடக்கும்போது என்ன ஆகும் என்ற இரண்டுமே அங்கே ஒரே மணலில் நடந்திருக்கின்றன. இன்னொன்றும் தெரிகிறது. யாரைப் பற்றிய விவரத்தை யாரோ ஒருவர் எழுதிவைத்திருந்தாரோ, அவரைத்தான் தேட முடிகிறது. மற்றவர்கள் எண்ணிக்கையாகவே நின்றுவிடுகிறார்கள்.

தராவா என்பது நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, ஹவாயிலிருந்து சுமார் 3,900 கிலோமீட்டர் தென்மேற்கே உள்ள ஒரு பவளத் தீவுக்கூட்டம். காயலைச் சுற்றி மாலைபோலச் சிறு சிறு தீவுகள். தென்மேற்கு மூலையில் இருப்பது பேசியோ. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் ‘பெட்டியோ’ என்று படிக்கத் தோன்றும். அங்குள்ளவர்கள் மொழியில் ‘ஸ’ ஒலியை ‘டி’ எழுத்தால் குறிக்கிறார்கள். நாட்டின் பெயரும் அப்படித்தான். ‘கில்பர்ட்ஸ்’ என்று வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரைத் தங்கள் நாவுக்கு ஏற்றபடி மாற்றி, ‘கிரிபாஸ்’ என்று சொல்லி, ‘கிரிபட்டி’ என்று படிக்கும்படி எழுதுகிறார்கள். 1979 ஜூலை 12-இல் அந்தப் பெயரோடுதான் விடுதலை பெற்றார்கள்.

பேசியோவின் நீளம் சுமார் மூன்று கிலோமீட்டர். அகலம், மிக அதிகமான இடத்தில்கூட முக்கால் கிலோமீட்டர் தேறாது. நிலம் கடல் மட்டத்துக்கு மேல் மூன்று மீட்டருக்குள்தான். காலாற நடந்தால் முக்கால் மணி நேரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம். இவ்வளவு சிறிய இடத்துக்காக 1943 நவம்பர் 20 முதல் 23 வரை, 76 மணி நேரத்தில், இரு தரப்பிலுமாக 5,500 பேருக்கு மேல் இறந்தார்கள்.

காரணம் விமான ஓடுதளம். மத்திய பசிபிக் வழியாக ஜப்பானை நோக்கிப் போக அமெரிக்கா வகுத்த பாதையில் அடுத்த படி மார்ஷல் தீவுகள். அதற்கு முன் தாண்ட வேண்டிய வாசற்படி தராவா. ஜப்பானியர் அதை அப்படிக் கட்டி வலுப்படுத்தியதற்கும் அமெரிக்கர்களே ஒரு காரணம். 1942 ஆகஸ்டில் நீர்மூழ்கிக் கப்பல்களில் வந்த மரைன் படையினர் பக்கத்துத் தீவான மக்கினில் திடீர்த் தாக்குதல் நடத்திவிட்டுத் திரும்பினார்கள். அந்தச் செய்தி போன பிறகுதான் கில்பர்ட் தீவுகள் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன என்று ஜப்பானியத் தலைமைக்கு உறைத்தது. தளபதி ஷிபாசாகி கெய்ஜியின் தலைமையில் கான்கிரீட்டும் மணலும் தென்னந்தடியும் கொண்டு அரண்கள் எழும்பின. தென்னந்தடி நார் நாராக இருப்பது. குண்டு பட்டால் வெடித்துச் சிதறாது, உள்வாங்கிக்கொள்ளும். கப்பல்களிலிருந்து மூன்று மணி நேரம் விடாமல் பொழிந்த குண்டுகள் அந்த அரண்களில் பெரும்பாலானவற்றை அசைக்கவில்லை.

தீவின் முனைகளில் எட்டு அங்குலப் பீரங்கிகள் நான்கு இருந்தன. அவற்றின் துருப்பிடித்த குழாய்கள் இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. சிங்கப்பூர் விழுந்தபோது பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றி ஜப்பானியர் இங்கே கொண்டுவந்தார்கள் என்று பல பத்தாண்டுகளாக நூல்களில் எழுதினார்கள். நம்ப வசதியான கதை. ஆனால் 1970-களில் அந்தக் குழாய்களில் இருந்த எண்களைத் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது, ரஷ்யாவோடு ஜப்பான் போரிட்ட 1905-ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டன் ஜப்பானுக்கு முறையாக விற்றவை அவை என்று தெரிந்தது. பிரிட்டன் காசு வாங்கிக்கொண்டு விற்ற பீரங்கிகள் பிரிட்டனின் காலனித் தீவிலேயே அதன் கூட்டாளிகளுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தப்பட்டன. சிங்கப்பூர்க் கதை நீண்ட காலம் நிலைத்ததற்கு, உண்மையைவிட அது மனச்சாட்சிக்கு இதமாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

சண்டையின் முதல் நாளைக் கெடுத்தது நிலவு. தீவைச் சுற்றிப் பவளப்பாறைத் திட்டு உண்டு. படகுகள் அதைத் தாண்ட நான்கடி நீராவது வேண்டும். தராவாவில் பல ஆண்டுகள் வாழ்ந்த பிராங்க் ஹாலண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, அந்த நாளில் மூன்றடிக்கு மேல் நீர் ஏறாது என்று எச்சரித்திருந்தார். வேறு சிலர் ஐந்தடி ஏறும் என்றார்கள். நவம்பர் 20 தேய்பிறை அட்டமியை ஒட்டிய நாள். அட்டமி, நவமியில் ஓதம் எழும்பாது என்பது கடற்கரையில் வளர்ந்த எவருக்கும் தெரிந்ததுதான். போதாததற்கு நிலவு அப்போது பூமியை விட்டு மிகத் தொலைவான இடத்தை நெருங்கியிருந்தது. இந்த இரண்டும் ஒன்றுசேர்ந்ததை டொனால்ட் ஓல்சன் என்ற இயற்பியலாளர் 1987-இல்தான் கணக்கிட்டுக் காட்டினார். பிழைத்து வந்தவர்கள் 44 ஆண்டுகளாக “ஏன் தண்ணீர் ஏறவில்லை?” என்று கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அதுதான் பதில்.

பாறையின் மேல் ஊர்ந்து போகக்கூடிய நீர்நில ஊர்திகள் 125-தான் இருந்தன. முதல் மூன்று அலைகள் அவற்றில் போய்ச் சேர்ந்தன. அடுத்து வந்த படகுகள் திட்டில் தட்டி நின்றன. வீரர்கள் அரைக் கிலோமீட்டருக்கு மேல் மார்பளவு நீரில், துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடந்தார்கள். எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். அன்று இருட்டுவதற்குள் கரையேறிய ஏறத்தாழ 5,000 பேரில் 1,500 பேர் இறந்தோ காயம்பட்டோ இருந்தார்கள்.

அன்று பிற்பகலே ஷிபாசாகியும் இறந்துவிட்டார். தன் கான்கிரீட் தலைமையகத்தைக் காயம்பட்டவர்களுக்கு விட்டுக்கொடுத்து, வேறிடத்துக்கு மாறப் புறப்பட்டபோது வெட்டவெளியில் குண்டு விழுந்தது. அன்றிரவு அவர் இருந்து எதிர்த்தாக்குதலுக்கு ஆணையிட்டிருந்தால் கரையோரத்தில் ஒட்டிக்கிடந்த அமெரிக்கர்கள் கடலுக்குள் தள்ளப்பட்டிருப்பார்கள் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. காயம்பட்டவர்களுக்கு இடம் கொடுத்த அந்தச் செயலைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆயிரம் பேரைக் கொன்ற அரண்களைக் கட்டியவரும் அவரே, அறையை விட்டுக்கொடுத்தவரும் அவரே. நினைவுகூர்தல் இந்த இரண்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

நான்காம் நாள் எல்லாம் ஓய்ந்தது. சுமார் ஆயிரம் அமெரிக்கர்கள் இறந்திருந்தார்கள். ஜப்பானியப் படையோடு இருந்தவர்கள் ஏறத்தாழ 4,800 பேர். அவர்களில் உயிரோடு பிடிபட்டவர்கள் 17 ஜப்பானியரும் 129 கொரியரும் மட்டுமே. மறுநாள், மக்கின் பக்கத்துக் கடலில் லிஸ்கம் பே என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. 644 பேர் அதில் போனார்கள். பேர்ல் துறைமுகத் தாக்குதலன்று துணிந்து நின்று பதக்கம் பெற்ற கறுப்பினச் சமையல் பணியாளர் டோரிஸ் மில்லரும் அவர்களில் ஒருவர். அவர்களைத் தேட நிலமே இல்லை. மில்லரின் பெயரை ஒரு புதிய விமானந்தாங்கிக் கப்பலுக்கு வைப்பதாக அமெரிக்கக் கடற்படை 2020-இல் அறிவித்தது. கடலில் தொலைந்தவரின் பெயர் மறுபடி கடலுக்கே போகிறது.

இந்தச் சண்டை அமெரிக்க வீடுகளுக்குள் வந்த விதமும் புதிது. நார்மன் ஹாட்ச் உள்ளிட்ட படப்பதிவாளர்கள் எடுத்த காட்சிகள் 1944-இல் ‘வித் தி மரைன்ஸ் அட் தராவா’ என்ற குறும்படமாக வந்தன. அதுவரை தங்கள் வீரர்களின் பிணங்களை அமெரிக்க மக்கள் திரையில் அப்படிப் பார்த்ததில்லை. காட்டலாமா கூடாதா என்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வரை பேச்சு போனது. களத்தில் இருந்த செய்தியாளர் ராபர்ட் ஷெராடின் கருத்தைக் கேட்டுத்தான் அவர் அனுமதித்தார். நான் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கரையோர நீரில் முகம் குப்புறக் கிடக்கும் உடல்கள் அலை வரும்போது சற்றே எழும்பி, அலை போனதும் அமர்கின்றன. யார் என்று தெரிவதில்லை. ஆனால் பார்த்த ஒவ்வொரு தாயும் அது தன் பிள்ளையோ என்று நினைத்திருப்பாள். பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்சுக்கு, என் மகனைக் கொன்றவர் நீங்கள் என்ற பொருளில் ஒரு தாயின் கடிதம் வந்தது. அந்தக் குறும்படத்துக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது.

திரையில் அப்படி நிலைத்துவிட்ட அதே உடல்களுக்கு மண்ணில் நடந்தது வேறு. நிலநடுக்கோட்டு வெயில். ஒன்றரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான நிலத்தில் ஆயிரக்கணக்கான பிணங்கள். நோய் பரவும் அச்சம். விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குழியோ நீண்ட வாய்க்காலோ வெட்டி, மழைக்கோட்டால் சுற்றி, காலணியோடும் தண்ணீர்க் குடுவையோடும் அருகருகே கிடத்தி மூடினார்கள். கிடைத்த பலகையில் பெயர் எழுதி நட்டார்கள். இப்படி தீவெங்கும் பல பத்து இடங்கள். பிறகு அந்தப் படைகள் போய்விட்டன. யாரை எங்கே வைத்தோம் என்று கையால் சுட்டிக்காட்டக்கூடியவர்கள் அவர்களோடு போனார்கள்.

வந்தவர்கள் கட்டுமானப் பிரிவினர். ஓடுதளத்தை நீட்ட வேண்டும், கிடங்குகள், சாலைகள் வேண்டும். பேசியோ ஒரு பெரிய தளமாக மாறியது. இடையிடையே நின்ற பலகைகள் வேலைக்கு இடைஞ்சல். சீரற்றுக் கிடப்பது இறந்தவர்களுக்கும் அழகல்ல என்று நினைத்தார்கள். அப்போது எழுந்தவைதான் அந்த நேர்வரிசைச் சிலுவைகள். சில இடங்களில் அவை நினைவுக்காக மட்டுமே என்று நட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1946-இல் வந்தவர்களுக்கு அது யாரும் சொல்லாத செய்தி. கிடைத்த உடல்களை ‘தனித் தென்னை’ என்று பெயரிட்ட ஒரே இடுகாட்டில் சேர்த்தார்கள். அடையாளம் தெரியாதவர்களுக்கு ‘எக்ஸ்’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இட்டு ஹவாய்க்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ 500 பேர் மணலுக்குள்ளேயே நின்றார்கள். 1949-இல், உடல் மீட்க இயலாதது என்ற முடிவை ராணுவம் குடும்பங்களுக்குத் தெரிவித்தது. ‘எங்கே கிடக்கிறான்?’ என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொரு கடிதத்திலும் ஒவ்வொரு பதில் பெற்ற குடும்பங்கள் இருந்தன.

அப்படித் தொலைந்தவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் பானிமன் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரத்தவர். நியூ மெக்சிகோவில் செப்புச் சுரங்கம் நடத்தினார். போருக்குச் செம்பு தேவை என்பதால் படையில் சேர வேண்டிய கட்டாயமே அவருக்கு இல்லை. முப்பது வயதைத் தாண்டியவர். மூன்று பெண் குழந்தைகளின் தகப்பன். ஆனாலும் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1943 நவம்பர் 22 அன்று, நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானியர் அடைந்திருந்த மணல் மூடிய பெரிய அரண் ஒன்றின் மேலேறித் தாக்குதலை நடத்திச் சென்று அங்கேயே விழுந்தார். நாட்டின் உயர்ந்த வீர விருது 1947-இல் அவர் சார்பாக மூத்த மகளிடம் கொடுக்கப்பட்டது. அப்போது அவள் சிறுமி. கையில் பதக்கம் இருந்தது, கல்லறைதான் இல்லை. இவ்வளவு புகழ்பெற்ற ஒருவரையே தொலைத்துவிட்டார்கள் என்றால் பெயர் தெரியாத பத்தொன்பது வயதுப் பையன்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

‘ஹிஸ்டரி ஃபிளைட்’ என்ற தனியார் தன்னார்வ அமைப்பு பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு பேசியோவில் பல ஆண்டுகள் அலைந்தது. நிலத்துக்குள் ஊடுருவிப் பார்க்கும் ரேடார், மனித எலும்பை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய் எல்லாம் கொண்டுவந்தார்கள். தீவில் இப்போது வீடு இல்லாத இடமே அரிது. முற்றங்களுக்கும் கட்டடங்களுக்கும் இடையில்தான் தோண்ட வேண்டும். வெடிக்காத குண்டுகளும் மண்ணுக்குள் உண்டு. 2015-இல் ‘27-ஆம் இடுகாடு’ என்று ஏட்டில் மட்டும் இருந்த வாய்க்கால் கிடைத்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வரிசையாகக் கிடந்தார்கள். மே மாத இறுதியில் ஒரு நாள், மண்ணைத் தூரிகையால் விலக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மண்டையோட்டின் பல்வரிசையில் தங்கம் மின்னியது. பானிமன் பல்லுக்குத் தங்கம் கட்டியிருந்தவர். அவருடைய பல் மருத்துவச் சீட்டு கையில் இருந்தது. அந்தக் குழியின் பக்கத்தில் அவருடைய பேரன் கிளே பானிமன் எவன்ஸ் நின்றுகொண்டிருந்தார். செப்டம்பரில் நாக்ஸ்வில்லில் அடக்கம் நடந்தது. தாத்தா இறந்த வயதைப் பேரன் எப்போதோ கடந்திருந்தார்.

ஹவாயில் உள்ள ஆய்வகத்தில் இப்படி வரும் எலும்புகளுக்குப் பெயர் தேடுகிறார்கள். அதில் ஒரு முறை என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. படையில் சேரும் ஒவ்வொருவருக்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க அந்நாளில் மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் நுரையீரல்தான் வேண்டும். ஆனால் மேல் ஓரத்தில் இரண்டு காறையெலும்புகளும் தானாக விழுந்துவிடும். காறையெலும்பின் வளைவு ஆளுக்கு ஆள் மாறுபடும். மணலிலிருந்து எடுத்த எலும்பை அதே கோணத்தில் வைத்துப் படமெடுத்து, பழைய படத்தோடு வளைவுக்கு வளைவு பொருத்துகிறார்கள். அந்தப் படத்தை எடுத்த நாளில் பையன் மூச்சை இழுத்துப் பிடித்து நின்றிருப்பான். நோய் இல்லை, போகலாம் என்று சொல்லியிருப்பார்கள். எழுபது ஆண்டு கழித்து அந்த மூச்சுப் பிடிப்புதான் அவனை வீட்டுக்குக் கூட்டிவருகிறது. நினைவுக்காக நட்ட சிலுவை உதவவில்லை. நினைவென்ற எண்ணமே இல்லாமல் எடுத்து, அலுவலகத்தில் யாரோ தூக்கிப்போடாமல் வைத்திருந்த படம் உதவியது. அதோடு மரபணுச் சோதனை. தாய்வழி மரபணு வேண்டும் என்பதால் இறந்தவரின் சகோதரிகளின் பிள்ளைகளைத் தேடிப்போய்க் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கிறார்கள்.

ஹொனலுலுவில் பஞ்ச்பௌல் என்ற பழைய எரிமலைக் குழிக்குள் தேசியக் கல்லறை இருக்கிறது. உடல் கிடைக்காதவர்களின் பெயர்களை அங்கே கல்சுவர்களில் வெட்டியிருக்கிறார்கள். ஒருவர் அடையாளம் காணப்பட்டால் அவருடைய பெயரை அழிப்பதில்லை. பக்கத்தில் ஒரு சிறிய வெண்கலப் பூவைப் பதிக்கிறார்கள். காணாமற்போனதும் உண்மை, கிடைத்ததும் உண்மை என்று இரண்டையும் அந்தக் கல் வைத்துக்கொள்கிறது. நான் அறிந்த போர் நினைவுச்சின்னங்களில் இவ்வளவு நேர்மையான ஏற்பாடு வேறில்லை.

இனி, எக்ஸ்ரே படம் இல்லாதவர்கள்.

தீவில் இறந்த ஜப்பானியத் தரப்பினரைக் குண்டுக்குழிகளிலும் அவர்களே கட்டிய அரண்களுக்குள்ளும் தள்ளி மூடினார்கள். பெயர்ப்பலகை கிடையாது. அயல்நாடுகளிலும் தீவுகளிலும் இறந்த ஜப்பானியர் சுமார் 24 லட்சம் பேரில் ஏறத்தாழ 11 லட்சம் பேரின் எலும்புகள் இன்னும் ஊர் திரும்பவில்லை. அவற்றைத் தேடிச் சேர்ப்பது அரசின் பொறுப்பு என்று ஜப்பான் சட்டம் இயற்றியதே 2016-இல்தான். அதுவரை வயதான மகன்களும் மகள்களும் தங்கள் செலவில் தீவு தீவாகப் போய் ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்தார்கள்.

அந்த 4,800 பேரில் சண்டைக்காரர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். மற்றவர்கள் கட்டுமானத் தொழிலாளர்கள். அவர்களில் சுமார் 1,200 பேர் கொரியர்கள். அரண் கட்ட, மணல் சுமக்க, தென்னந்தடி அறுக்கக் கொண்டுவரப்பட்டவர்கள். பழைய ஆங்கில நூல்கள் பலவற்றில் ‘எதிரி இழப்பு’ என்ற ஒரே எண்ணுக்குள் அவர்களும் அடக்கம். அவர்களுடைய சொந்தப் பெயர்கள்கூட ஏட்டில் இல்லை. காலனி ஆட்சி அவர்கள்மேல் ஜப்பானியப் பெயர்களைச் சுமத்தியிருந்தது. போரில் இறந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கொரியர்களின் பெயர்களை டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில், குடும்பத்தாரைக் கேட்காமலே சேர்த்துவைத்தார்கள். எடுத்துவிடுங்கள் என்று பிள்ளைகள் நீதிமன்றம் வரை போனார்கள். கேளாமல் செய்யும் நினைவுகூர்தல் எவ்வளவு வலிக்கும் என்பதற்கு அந்த வழக்குகளே சாட்சி.

சயாம் மரண ரயில்பாதையில் உற்றாரை இழந்த மலேசியத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிய கதையாக இராது. ஒரே பேரரசின் ஒரே கூலிப் பொறி இது. அங்கே வெள்ளையர் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு ஆளுக்கொரு கல் இல்லை. அந்தப் பாதையில் கைதிகளைக் காவல் காத்தவர்களில் கொரிய இளைஞர்களும் இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஓரிடத்தில் தடியேந்தியவனின் ஊர்க்காரனே இன்னோரிடத்தில் மண் சுமந்து செத்திருக்கிறான்.

தீவுக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. பேசியோவின் மக்களை ஜப்பானியர் அக்கம்பக்கத்துத் தீவுகளுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது தென்னை இல்லை, வீடு இல்லை. தோட்டத்துக்கு மண் வெட்டினால் எலும்பு. பனாபா தீவில் ஜப்பான் சரணடைந்த பிறகும், 1945 ஆகஸ்டில், வேலைக்கு வைத்திருந்த தீவு ஆண்கள் ஏறத்தாழ 150 பேரைச் சுட்டுக்கொன்றார்கள். ஒரே ஒருவர் செத்தவர்போலக் கடலில் மிதந்து பிழைத்தார். 1942 அக்டோபரில் இதே பேசியோவில் 22 பேரின் தலையை வெட்டினார்கள். அவர்களில் 17 பேர், கப்பல் நடமாட்டத்தைக் கண்காணித்து வானொலியில் செய்தி அனுப்பிய நியூசிலாந்தினர். அவர்களுக்குத் தீவில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது.

தீவு மக்களின் நினைவு கல்லில் இருந்ததில்லை. ஆனால் ஏடு தோற்ற இடத்தில் அது வென்றதுண்டு. நான் முன்பு சொன்ன மக்கின் தாக்குதலில் அமெரிக்கர்கள் தங்கள் இறந்தவர்களை விட்டுவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்களே அவர்களைப் புதைத்தார்கள். போருக்குப் பிறகு வந்த ராணுவக் குழு தேடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. 1999-இல் இன்னொரு குழு போனது. பையனாக இருந்தபோது குழி வெட்டக் கூடமாட உதவிய ஒரு முதியவர் இன்னும் அங்கே இருந்தார். வந்தவர்களைக் கண்டதும் விறைப்பாக நின்று, அந்த இரண்டு நாளில் வீரர்களிடம் கற்ற மரைன் படையின் பாட்டைப் பாடினாராம். பிறகு இடத்தைக் காட்டினார். அங்கே 19 மரைன்கள் கிடந்தார்கள். அவர்களோடு ஒரு தீவுக்காரரும்.

பேசியோவில் இன்று பதினேழாயிரம் பேருக்கு மேல் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். பசிபிக்கிலேயே மக்கள் நெரிசல் மிகுந்த இடங்களில் அதுவும் ஒன்று. கடல் ஏறி வருகிறது. ஷிபாசாகியின் கான்கிரீட் கட்டடத்தின் நிழலில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். தோண்டும் குழுக்கள் வருகின்றன, போகின்றன. அவர்கள் எடுக்கும் எலும்புகளில் ஆசியர்களுடையவையும் இருக்கும். ஜப்பானியரா கொரியரா என்பதை எலும்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. நீண்ட காலம் அவற்றைப் பெயரில்லாமல் வைத்திருந்தார்கள். பிறகு கொரியக் குடும்பங்களின் மரபணு மாதிரிகளோடு ஒப்பிடத் தொடங்கினார்கள். 2019-இல் ஒன்று பொருந்தியது. தெற்கு ஜொல்லா மாநிலத்தின் யோங்க்வாங் பகுதிக்காரர். 1942-இல், இருபத்துநான்கு வயதில், மனைவியையும் இரண்டு ஆண் குழந்தைகளையும் விட்டுப் போனவர்.

கொள்ளைநோய்க் காலம் குறுக்கிட்டதால் அவர் வர இன்னும் நான்கு ஆண்டுகள் ஆயின. 2023 டிசம்பர் தொடக்கத்தில் எலும்புகள் கொரியா வந்து சேர்ந்தன. யோங்க்வாங்கில் அடக்கம் நடந்தது. குழந்தையாக இருந்தபோது அப்பாவைப் பிரிந்த மகனுக்கு எண்பது வயது கடந்திருந்தது. தராவாவில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொரியர்களில் ஊர் திரும்பிய முதல் ஆள் அவர்.